பந்தியில் இலை குறைந்தால்

அய்யா உண்டு.

தாங்கல்களில் அன்னதர்மம் முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பணிவிடை செய்யும் அன்பர்கள் சற்று நேரம் உட்கார்ந்து பேசுவது வழக்கம். மில்லர்புரம் போன்ற தூத்துக்குடி நகரப் பகுதிகளில் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. திருவிழா நாளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மற்ற நாட்களில் பசித்து வந்து பந்தியில் உட்காருகிறவர் முன்போல் இல்லை. வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசி போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் காலையிலும் மத்தியானமும் அரசாங்கமே சாப்பாடு கொடுக்கிறது. அப்படியானால் அன்னதர்மம் இனி எதற்கு என்பதே அந்தக் கேள்வி.

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள். தர்மம் செய்ய வழியில்லாமல் போகிறதே என்று சிலர் வருந்துவார்கள். இலவச அரிசி ஆட்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று சிலர் குறைபடுவார்கள். அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, தாங்கலில் விளக்கும் வாசிப்பும் இருந்தால் போதும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். மூன்று பேச்சையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம். பசித்தவர் குறைந்தால் தர்மம் குறைந்ததாகுமா, வளர்ந்ததாகுமா?

அய்யா காட்டிய பந்தி

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம் 20-ஆம் நாள், அதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலில் வைகுண்ட அவதாரம் நிகழ்ந்தது. அன்றைய தென் திருவிதாங்கூரில் சான்றோர் மக்களும் அவர்களைப் போல் தாழ்த்தி வைக்கப்பட்ட மற்றவர்களும் பட்ட துன்பத்தை அகிலத்திரட்டு அம்மானை விரிவாகச் சொல்கிறது. தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம் என்று அந்தப் பட்டியல் நீளும். பனையேறி இறக்கிய பதநீரும் காய்ச்சிய கருப்பட்டியும் வரிக்குப் போயின. அந்த மக்கள் உழைக்காமல் பசித்திருக்கவில்லை. உழைத்தது கையில் நிற்காததால் பசித்திருந்தார்கள். பசியைப் பற்றி யோசிக்கிற எவரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய உண்மை இது.

அந்த மக்களுக்கு அய்யா ஒரு வேளைச் சோறு போட்டு அனுப்பிவிடவில்லை. வாகைப்பதியில் 700 குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு இருத்தினார். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்த எளிய உணவை எல்லோரும் ஒன்றாக உண்டார்கள். உடலும் உடையும் சுத்தமாயின. சுவாமிதோப்பில் முத்திரிக்கிணற்றைச் சாதி பேதமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக்கினார். தோளில் துண்டு போடவே பயந்திருந்தவனைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். காணிக்கை கொண்டுவர வேண்டாம் என்றும் தடுத்தார்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பசி இரண்டு காயங்களை உண்டாக்குகிறது. ஒன்று வயிற்றில். மற்றொன்று, கையேந்தும்போது தலை குனிகிறதே, அந்தக் குனிவில். வயிற்றுக் காயத்தை ஆற்றி இரண்டாவது காயத்தை ஆழமாக்குகிற சோறு பாதி தர்மம்தான். அய்யா காட்டிய பந்தி இரண்டையும் ஆற்றியது. சோறு போடுவது தாங்கலானாலும் அரசாங்கமானாலும் இந்த அளவுகோலால்தான் அளந்து பார்க்க வேண்டும்.

கணக்குப் பார்த்து ஊற்றிய கஞ்சி

அரசாங்கம் போடும் சோற்றைப் பற்றிப் பேசும்போது பழைய கதை ஒன்றை மறக்கக்கூடாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள். வெள்ளைக்கார அரசு நிவாரண முகாம்களைத் திறந்தது உண்மை. ஆனால் சோம்பேறிகள் வந்து தின்றுவிடுவார்களோ என்ற பயம், ஜனங்கள் சாகிறார்களே என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. 1877-இல் வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுவதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இந்த அளவு ஆளைக் கொன்றுவிடும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றிய கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

அந்த நூற்றாண்டில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். கப்பலேறியவர்களில் பலருக்குத் தூத்துக்குடிக் கரைதான் தாய் மண்ணின் கடைசிப் படி.

அதே நூற்றாண்டில் வேறொரு அடுப்பும் எரிந்தது. 1867-இல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். வந்தவர் யார், உழைப்பவரா, என்ன சாதி என்று அங்கே கேட்பதில்லை. பசி ஒன்றே போதுமான சீட்டு. அங்கே மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. டெம்பிள் கணக்கும் வடலூர் அடுப்பும் பத்து வருட இடைவெளியில் நடந்தவை. முன்னதில் சந்தேகம் சோறு போட்டது, பின்னதில் இரக்கம் போட்டது.

ஊர் அடுப்பும் அரசாங்க அடுப்பும்

அரசாங்கத்துக்கும் அந்த இரக்கத்தைக் கற்றுக்கொள்ள நாளாயிற்று. 1920-இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் அது நின்று போனது.

அடுத்த பெரிய அடி இந்தக் கரிசல் சீமையிலேயே எடுத்து வைக்கப்பட்டது. முதலமைச்சர் காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். அப்போது கஜானாவிலிருந்து பெரும் பணம் வரவில்லை. ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது நடக்கும் என்று தெரிந்த பிறகு அரசாங்கம் செலவில் பங்கேற்றது. நாடெங்கும் இன்று பேசப்படும் திட்டம் முதலில் ஊரார் செய்த அன்னதர்மமாகத்தான் இருந்தது. தர்மத்தையும் அரசாங்கத் திட்டத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்கள் எட்டயபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1982 ஜூலை 1-ஆம் நாள் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னால் வந்த ஆட்சிகள் முட்டை சேர்த்தன. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. ஒருவர் மூட்டியதை அடுத்தவர் அணைக்காமல் இன்னும் இரண்டு விறகு வைத்தார்கள். தமிழ்நாட்டு அரசியலில் பெருமைப்படத்தக்க காரியம் இது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு கரும்பலகை மங்கலாகத்தான் தெரியும். சோறு கிடைக்கும் என்றால் பிள்ளை பள்ளிக்கு வரும், வந்த பிள்ளை நிற்கும். பெண் பிள்ளையை வீட்டு வேலைக்கு நிறுத்திவிடுகிற ஏழைத் தாயும் அனுப்பி வைப்பாள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கும் மேலே ஒன்றைக் கண்டது. பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்கள் பிற்காலத்தில் தாயானபோது, அவர்களுடைய பிள்ளைகளிடமும் வளர்ச்சிக் குறைவு குறைந்திருந்தது. இன்று ஒரு சிறுமியின் தட்டில் விழுகிற சோறு இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது. தலைமுறை தாண்டும் தர்மம் என்று பெரியவர்கள் சொல்வது இப்படியும் நடக்கிறது.

ரேஷன் கடை வரிசை

பள்ளிக்குப் போகிற வயதில் பிள்ளை இல்லாத வீட்டுக்கும் பசி உண்டு. அதற்கு ரேஷன் கடை. மில்லர்புரத்து ஜனங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ரோட்டில் எப்.சி.ஐ. ரவுண்டானா என்று சொன்னால் பஸ்ஸில் வருகிற எவரும் இறங்குமிடத்தைத் தெரிந்துகொள்வார். எப்.சி.ஐ. என்பது இந்திய உணவுக் கழகம். வட நாட்டில் விளைந்த கோதுமையும் நெல்லும் அந்தக் கழகத்தின் கிடங்குகளுக்கு வந்து, அங்கிருந்து நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாகத் தெருமுனைக் கடைக்கு வருகிறது.

1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்தார். 2008 செப்டம்பரில் கருணாநிதி ஆட்சியில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனில் ஜெயலலிதா ஆட்சியில் விலையே இல்லை என்றானது. இவற்றைவிட முக்கியமான ஒரு முடிவை அன்பர்கள் பலர் கவனிப்பதில்லை. 1997-இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கும் மேலே உள்ளவருக்கும் வேறு வேறு விலை என்று ரேஷனைப் பிரித்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. தமிழ்நாடு பிரிக்கவில்லை. ரேஷன் எல்லோருக்கும் பொது என்றே வைத்துக்கொண்டது.

இதில்தான் அய்யாவின் பந்தி நினைவுக்கு வருகிறது. ஏழைக்கு மட்டும் என்று ஒரு வரிசை வைத்தால், அந்த வரிசையில் நிற்பதே ஏழை என்ற முத்திரையாகிவிடும். நான் ஏழை என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். நிரூபிக்கத் தெரியாதவன் விடுபட்டுப் போவான். விடுபடுகிறவன் பெரும்பாலும் மற்ற எல்லோரையும்விட ஏழையாக இருப்பான். எல்லோருக்கும் பொது என்றால் வாத்தியார் வீட்டு அம்மாவும் உப்பளத்துக்குப் போகிற அக்காவும் ஒரே வரிசையில் பையோடு நிற்பார்கள். அங்கே யாரும் யாருக்கும் கையேந்தவில்லை. இந்த நாட்டின் குடி என்ற உரிமையில் வாங்குகிறார்கள். முத்திரிக்கிணற்றில் எல்லோரும் ஒரே கயிற்றில் நீர் இறைத்ததைப் போன்றதுதான் இதுவும்.

உரிமை என்ற சொல்லை நீதிமன்றமும் ஏற்றது. 2001-இல், கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்து கிடக்க, வறட்சிப் பகுதிகளில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தானியம் இருப்பது வேறு, அது பசித்தவன் வாய்க்குப் போவது வேறு என்பதை அந்த வழக்கு நாட்டுக்கு நினைவூட்டியது.

சோம்பேறி என்ற சொல்

இனி, இலவச அரிசி சோம்பேறியாக்குகிறது என்ற பேச்சு. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 670 கிராம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 170 கிராம்கூட இல்லை. உழைக்கிறவனுக்கு அது ஒரு வேளைச் சோறு. குழம்பு, காய், மீன், எண்ணெய், பிள்ளை படிப்பு, மருந்து, வாடகை எல்லாம் உழைத்துத்தான் வர வேண்டும். இந்த 170 கிராமை நம்பி யார் வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்வார்?

தூத்துக்குடிக்காரர்கள் தங்கள் ஊரையே பார்த்தால் போதும். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயிலும் உப்பும் கண்ணைக் கரிக்க வாரி எடுக்கிற உப்பளத் தொழிலாளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்தால் வேலை கிடையாது. அதனால்தான் அரசாங்கம் மழைக்கால நிவாரணம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வேலை செய்ய மனமிருந்தும் வேலை இல்லாத மாதங்கள் இந்தக் கரையில் எப்போதும் உண்டு. அந்த மாதங்களில் முன்பு என்ன நடந்தது? அரிசிக்காக வட்டிக்கு வாங்கினார்கள். அந்த வட்டி வேலை உள்ள மாதங்களையும் தின்றது. இன்று அரிசி உறுதி என்பதால் அரிசிக்காகக் கடன் வாங்குவது குறைந்தது. கையில் மிஞ்சிய காசு பருப்புக்கும் காய்க்கும் பிள்ளை நோட்டுக்கும் போனது. பசியைக் குறைப்பதில் ரேஷன் செய்கிற வேலை இதுதான். அது ஜனங்களை உட்கார வைத்துச் சோறு போடவில்லை, கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறது.

சோம்பேறி என்ற சொல்லை முன்பு யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை அன்பர்கள் மறக்கக் கூடாது. ஊழியம் வாங்கியவன் ஊழியம் செய்தவனைப் பார்த்துச் சொன்னான். முகாம் நடத்திய துரை மண் சுமந்தவனைப் பார்த்துச் சொன்னான். அதே சொல்லை அய்யாவின் பிள்ளைகள் எடுத்து, தங்களைவிட ஒரு படி கீழே உள்ளவனைப் பார்த்துச் சொன்னால், கலி அவர்கள் வாயில் குடியேறிவிட்டது என்றுதான் பொருள்.

அரசாங்கத்தின் கை எட்டாத இடம்

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அரசாங்கத்தின் கை நீளமானது, ஆனால் எல்லா இடத்துக்கும் எட்டுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டம் அதைக் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரத்துத் தெருக்கள் பல நாள் தண்ணீரில் கிடந்தன. ரேஷன் கடையிலேயே தண்ணீர் நின்றால் அரிசி எங்கிருந்து வரும்? திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுபோனது. முன்னும் போக வழியில்லை, பின்னும் போக வழியில்லை. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போடும் முன்னே, பக்கத்துப் புதுக்குடி ஊர் ஜனங்கள் கோயிலில் வைத்துச் சமைத்து முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான்.

பிறகு அரசாங்கம் வந்தது. கடுமையாகப் பாதித்த பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகவே கொடுக்கப்பட்டது. ஒரு துன்பம் வந்தால் முதல் சோற்றை அக்கம்பக்கம்தான் போட முடியும். நூறாவது சோற்றை அக்கம்பக்கத்தால் போட முடியாது, அரசாங்கம்தான் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு ஊர் பிழைக்காது.

வெள்ளமில்லாத நாளிலும் கை எட்டாதவர்கள் உண்டு. அட்டை இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர். வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து, எந்தக் கடையில் கேட்பது என்று மொழி தெரியாமல் நிற்கிற பையன். ரேகை தேய்ந்து மெஷினில் விரல் பதியாத கிழவி. அரிசி வீட்டில் இருந்தும் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தெம்பில்லாமல் தனியாகக் கிடக்கும் பெரியவர். அரசாங்கமும் இதை அறியாமல் இல்லை. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்டது. கடைக்கு வர இயலாதவர் தமக்காக வேறொருவரை அனுப்பப் படிவமும் உண்டு. நகரத்தில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைத்து வந்தன. ஆனால் இவையெல்லாம் இருப்பதே தெரியாதவருக்கு இவை இல்லாதது போலத்தான். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும்.

மிஞ்சிய சோறும் பிடியரிசியும்

மேல்நாடுகளில் உணவு வங்கி என்று ஒன்று நடத்துகிறார்கள். 1967-இல் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதலாவதைத் தொடங்கினார். கடைகளில் விற்காமல் மிஞ்சுகிற நல்ல உணவுப் பொருளைச் சேர்த்து வைத்து, இல்லாதவர்க்கு எடுத்துக் கொடுப்பதே அதன் முறை. தமிழ்நாட்டிலும் 2014-இல் கோயம்புத்தூரில் இளைஞர்கள் திருமண மண்டபங்களில் மிஞ்சிய உணவை வாங்கிப் பசித்தவர்க்குச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2017-இல் சென்னை பெசன்ட் நகரில், வைக்கிறவர் வைக்கலாம், தேவையானவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குளிர்பெட்டியைத் தெருவோரம் வைத்தார்கள்.

இவை நல்ல காரியங்கள். ஆனால் ஒரு குறை உண்டு. மிஞ்சினால்தான் கிடைக்கும், முகூர்த்தம் உள்ள நாளில்தான் மிஞ்சும். பசி முகூர்த்தம் பார்த்து வருவதில்லை. தூத்துக்குடி வெக்கையில் சமைத்த சோறு சில மணி நேரத்தில் கெட்டும் போகும். கெட்டதைக் கொடுப்பது தர்மமில்லை, பாவம். ஆகவே மிஞ்சியதைக் கொடுப்பதைவிட முன்கூட்டி எடுத்து வைப்பது மேல். அதற்குத் தமிழ்ப் பெண்கள் முன்னமே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவதற்குப் பிடியரிசி என்று பெயர். ஒரு பிடி அரிசி குறைவதால் வீட்டில் யாரும் பசிக்கப் போவதில்லை. ஐம்பது வீட்டுப் பானைகள் சேர்ந்தால் மாதக் கடைசியில் மூட்டை நிறையும். வருஷத்தில் பதினொரு நாள் திருவிழாவில் அண்டா அண்டாவாகச் சமைத்து, மற்ற நாளில் அடுப்பு குளிர்ந்து கிடப்பதைவிட, இந்தப் பானை வருஷம் முழுவதும் ஐந்து முதியவர்க்கு அடுப்பெரிக்கும்.

கடலைத் தாண்டியும் இது பொருந்தும். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து ஜனங்கள் சோற்றுக்கும் பால் மாவுக்கும் திண்டாடினார்கள். தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப முடிவு செய்தது. மே மாதம் முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. அடுத்த கப்பல்கள் ஜூன், ஜூலை மாதங்களில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டன. எந்தக் கரையிலிருந்து பசியோடு ஜனங்கள் கப்பலேறினார்களோ, அதே கரையிலிருந்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்கு அரிசி போனது. அங்கே அது தமிழருக்கும் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாகப் போயிற்று.

புண்ணியத்துக்குப் பசித்தவன் வேண்டுமா

முதலில் எழுந்த கேள்வி இன்னும் நிற்கிறது. பந்தியில் இலை குறைந்தால் வருந்துவதா, மகிழ்வதா?

புண்ணியம் தேடிச் சோறு போடுகிறவனுக்குப் பசித்தவன் தேவைப்படுகிறான். பசித்தவன் வராவிட்டால் அவனுக்கு நஷ்டம். அப்படியானால் உள்ளுக்குள் அவன் எதை விரும்புகிறான்? உலகத்தில் பசி இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். தன் கணக்கில் புண்ணியம் ஏற, இன்னொருவன் வயிறு காய வேண்டும் என்கிறான். இப்படி விரித்துச் சொன்னால் எவரும் கூசுவார்கள். ஆனால் இலையை எண்ணிப் பெருமைப்படுகிறபோதும், கூட்டம் குறைந்ததே என்று சலிக்கிறபோதும் இந்த எண்ணம்தான் ஓசையில்லாமல் உள்ளே நுழைகிறது.

வைத்தியன் நோய் தீர வைத்தியம் பார்க்கிறான். ஊரில் நோயாளி குறைந்தால் நல்ல வைத்தியன் அழமாட்டான். அன்னதர்மமும் பசி தீரவே நடக்கிறது. அய்யா அருளிய தர்மயுகத்தில் பசித்தவர் இருக்கமாட்டார் என்பது அன்புக்கொடி மக்களின் நம்பிக்கை. அந்த யுகத்தை வேண்டிக்கொண்டே பசித்தவர் குறைவதற்கு வருந்துவது பொருந்தாது. இலை குறைந்தால் அது தர்மத்தின் தோல்வியல்ல, வெற்றி. அந்த வெற்றி பள்ளிக்கூட அடுப்பினாலும் ரேஷன் கடையாலும் வந்தது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

அதற்காக அடுப்பை அணைத்துவிடவும் கூடாது. பந்தியில் உட்காருவது பசிக்காக மட்டுமில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் ஒன்றாக உண்பதே ஒரு வழிபாடு. உம்பான் அன்னத்தை வாங்கி உண்ணும் வசதிக்காரர் தாம் ஒன்றும் பெரியவரில்லை என்று கற்றுக்கொள்கிறார், இல்லாதவர் தாம் ஒன்றும் சிறியவரில்லை என்று கற்றுக்கொள்கிறார். எந்த அரசாங்கமும் இதைச் சட்டம் போட்டுக் கொடுக்க முடியாது.

மாற வேண்டியது வேலையின் வகை. கூட்டம் வந்தபோது வந்தவர்க்குப் போடுவது வேலையாக இருந்தது. கூட்டம் குறைந்த பிறகு, வராதவரைத் தேடிப் போவது வேலை. வரமுடியாதவர், வர வெட்கப்படுகிறவர், வர வழி தெரியாதவர் இப்போதும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். அதனாலேயே அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. ஆயிரம் பேருக்குச் சமைப்பதைவிட அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒவ்வொரு தாங்கலிலும் இரண்டு அன்பர்கள் இதை ஏற்றுக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை தெருவை நடந்து பார்க்கட்டும். அட்டை இல்லாதவருக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். கடைக்குப் போக முடியாத கிழவிக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும். அடுப்பு மூட்டத் தெம்பில்லாதவர் வீட்டுக்குத் தூக்குச் சட்டியில் சோறு போகட்டும். கொடுக்கும்போது படம் பிடிக்க வேண்டாம், பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். என்ன சாதி, எந்தக் கோயில், எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். பரிமாறுகிறவர் கடைசியில், அதே சோற்றை, அதே இடத்தில் உட்கார்ந்து உண்ணட்டும்.

தாழக் கிடந்த ஜனங்களைக் கைதூக்கிவிட வந்தவர் அய்யா. அவர் பிள்ளைகள் சோறு போடும்போது எவர் தலையும் தாழாதிருக்கட்டும். அட்டையின் உரிமையில் உண்பவரும் அய்யாவின் அன்பில் உண்பவரும் ஒரே நிறைவோடு எழுந்திருக்கட்டும்.

அய்யா உண்டு.